கேம் பெட்டிக்குள் ஒரு காவலாளி

1985-இல் நின்டெண்டோ தன் கேம் கன்சோலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அதற்குள் ஒரு சின்னச் சிப்பையும் வைத்து அனுப்பியது. படம் காட்டுவதிலோ ஒலி எழுப்புவதிலோ அதற்குப் பங்கில்லை, காவல் காப்பது மட்டும்தான் வேலை. கேம் அடங்கிய ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதன் ஜோடிச் சிப் ஒன்று இருக்கும். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே நிரலை ஒரே தாளத்தில் ஓட்டி, ஒன்றின் விடையை மற்றது சரிபார்த்துக்கொண்டே இருக்கும். விடை பிசகினால் பெட்டியில் உள்ள சிப், பிராசசரை ரீசெட் செய்துவிடும். நொடிக்கொரு முறை இப்படி நடப்பதால் திரை விட்டுவிட்டு மினுக்கும்.

அமெரிக்கப் பிள்ளைகள் கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஊதி ஊதி மாட்டியதற்கு இந்த மினுக்கல்தான் காரணம். தொடுமுனை சரியாகப் பதியாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய அசல் கேமையே காவலாளி கள்ளச் சரக்கு என்று வெளியே தள்ளிவிடும். ஊதியதில் பெரிய பலன் எதுவும் இல்லை. கழற்றி மாட்டும்போது முனை இடம் மாறிப் பதிந்ததுதான் பலன் தந்தது.

இதே பெட்டியின் மூல வடிவமாக ஜப்பானில் 1983-இல் வந்த ஃபாமிகாமில் இந்தப் பூட்டு கிடையாது. அதன் நகல் பெட்டிகள் ஆசியா முழுக்கப் பரவின. தொண்ணூறுகளில் நம்மூர்ப் பிள்ளைகள் 'டிவி கேம்' என்று அடம்பிடித்து வாங்கியதும் அந்த வம்சம்தான். கேசட்டின் மேல் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே சில கேம்கள் பெயர் மாறி மாறி வரும்.

சரி, எதற்காக இவ்வளவு கெடுபிடி? அமெரிக்கக் கன்சோல் கம்பெனியான அட்டாரி பட்ட பாடுதான். 1979-இல் அங்கிருந்து மனக்கசப்போடு வெளியேறிய நிரலாளர்கள் சிலர் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அட்டாரி பெட்டிக்கே கேம் எழுதி விற்றார்கள். பூட்டு இல்லாததால் தடுக்க வழியில்லை. அப்புறம் ஆளாளுக்குக் கடை விரிக்க, குப்பைக் கேம்கள் குவிந்து 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. நின்டெண்டோ பூட்டோடு நிபந்தனைகளையும் சேர்த்துக்கொண்டது: கார்ட்ரிட்ஜை எங்களிடமே காசு கட்டித் தயாரிக்க வேண்டும், ஆண்டுக்கு ஐந்து கேமுக்கு மேல் கூடாது, இரண்டு ஆண்டுகளுக்கு வேறு பெட்டிக்குத் தரக் கூடாது.

இந்தப் பூட்டின் மேல்தான் தொழிலின் வரவு செலவே நிற்கிறது. பெட்டியை அடக்கவிலைக்கோ அதற்கும் கீழேயோ தள்ளிவிட்டு, விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு வாங்கிச் சம்பாதிப்பார்கள். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றதில் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியே சொல்லியிருக்கிறார். ஆகவே கன்சோல் கம்பெனிகள் நம்மை வளைக்க அடித்துக்கொள்வதுபோலத் தெரிந்தாலும், அவர்கள் முதலில் வளைக்க வேண்டியது கேம் எழுதுபவர்களைத்தான். நல்ல கேம் எங்கே போகிறதோ, அங்கேதான் நாமும் போவோம்.

போட்டிக்கு ஆள் வந்ததும் பிடி தளர்ந்தது. இன்னொரு கன்சோல் கம்பெனியான செகாவின் ஜெனிசிஸ் பெட்டியை, கேம் எழுதி விற்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தானாகவே பிரித்து ஆராய்ந்து, அனுமதியில்லாமலே கேம் ஓட்டக் கற்றுக்கொண்டது. அந்தத் துருப்புச் சீட்டோடு 1990-இல் பேச்சுக்கு உட்கார்ந்து குறைந்த பங்குக்கு ஒப்பந்தம் வாங்கியது. நின்டெண்டோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செகாவுக்கு வேறு வழியில்லை.

அடுத்து வந்தது சோனி. 1991-இல் சிகாகோ கண்காட்சியில் நின்டெண்டோவோடு சேர்ந்து சிடி போடும் கன்சோல் செய்யப்போவதாக சோனி அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, எங்கள் கூட்டாளி பிலிப்ஸ் என்று சபையிலேயே சொல்லிவிட்டது. சோனியின் பொறியாளர் கென் குட்டராகி முயற்சியை விடவில்லை. 1994 டிசம்பரில் ஜப்பானில் சிடி போடும் பிளேஸ்டேஷன் வந்தது. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜைக் கைவிடவில்லை.

கார்ட்ரிட்ஜ் என்பது உண்மையில் ஒரு மெமரி சிப். பிராசசர் கேட்டதும் கொடுத்துவிடும், காத்திருப்பே இல்லை. ஆனால் அந்தச் சிப்பைத் தயாரிக்கச் செலவும் அதிகம், நாளும் பிடிக்கும். எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பணம் கட்ட வேண்டும். ஊகம் தப்பினால் சரக்கு கிடங்கில் தூங்கும். சிடியோ பிளாஸ்டிக்கில் அச்சடிப்பது. மலிவு, தீர்ந்தால் சீக்கிரமே மறுபடி அடிக்கலாம். நின்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 எம்பி. ஒரு சிடி ஏறக்குறைய 650 எம்பி. சிடியின் குறை வேகம்தான். பிளேஸ்டேஷன் டிரைவ் நொடிக்கு 300 கேபி படிக்கும், எனவே அதன் 2 எம்பி நினைவகத்தை நிரப்ப ஏழு நொடி ஆகும். ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமில் அறைக்கு அறை கதவு மெதுவாகத் திறப்பதைப் பார்த்துப் பயந்தோமே, அது அந்த நொடிகளை மறைக்கச் செய்த வேலை!

சிடிக்குள் சிப் வைக்க முடியாது, பூட்டுக்கு என்ன செய்வது? வட்டின் உள்விளிம்புத் தடத்தை அச்சடிக்கும்போதே இம்மியளவு நெளியவிட்டு, அந்த நெளிவிலேயே சில எழுத்துகளைப் பொதித்தார்கள். சாதாரண சிடி ரைட்டரால் தரவைத்தான் நகலெடுக்க முடியும், நெளிவை முடியாது. திருட்டு சிடி ஓடுவதற்காகப் பெட்டிக்குள் பற்றவைத்த மாட் சிப், அந்த எழுத்துகளைப் பொய்யாகச் சொல்லி ஏமாற்றியது. என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே அழகான பூட்டு இதுதான்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. நின்டெண்டோவிலேயே வளர்ந்த ஃபைனல் ஃபேன்டசி வரிசையின் ஏழாம் பாகம் 1997-இல் மூன்று சிடிகளாக பிளேஸ்டேஷனுக்குப் போனது. பிளேஸ்டேஷன் விற்பனை 10 கோடியைத் தாண்டியது, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியில் நின்றது. 399 டாலருக்கு வந்த செகா சாட்டர்னை பிளேஸ்டேஷனின் 299 டாலர் விலை சாய்த்தது. 2001-இல் செகா பெட்டி செய்வதையே விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கேம் எழுதப் போனது.

இன்று சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டின் பெட்டியிலும் ஏஎம்டி கம்பெனியின் சிப்தான். உள்ளே பெரிய வித்தியாசமில்லை. கடை இணையத்துக்குப் போய்விட்டதால் கேம் விலையில் 30 சதவீதம் பொதுவாகப் பெட்டிக்காரருக்குப் போகிறது. போட்டி இப்போது ஸ்டுடியோக்களை விலைக்கு வாங்குவதில் நடக்கிறது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது, அட்டாரியிலிருந்து பிரிந்துபோனவர்கள் தொடங்கிய அதே ஆக்டிவிஷனைத்தான். ஆனாலும் போட்ட பணத்தை எடுக்கத் தன் பெட்டி மட்டும் போதவில்லை. அதற்கே உரியவையாக இருந்த சில கேம்களை 2024 முதல் பிளேஸ்டேஷன் 5-இலும் விற்கிறது, விற்பதில் சோனிக்குப் பங்கு கொடுத்து.