விளையாட்டுக்கு அடித்த லேசரும் வழக்காகும்

"விளையாட்டுக்குத்தான் அடித்தான் சார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?" இங்கிலாந்தில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் நான், லேசர் விவகாரங்களில் பெற்றோரிடமிருந்து அதிகம் கேட்பது இதைத்தான். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் விளையாட்டு என்பதும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பிள்ளையைக் காப்பாற்றப் போதாது.

வாகனங்கள் மீது லேசர் அடிப்பதற்கென்றே 2018இல் பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது. ஓடுகிற அல்லது புறப்படத் தயாராக நிற்கிற வாகனத்தை நோக்கி லேசர் அடித்து, அதை இயக்குபவரின் கண் கூசினாலோ கவனம் சிதறினாலோ குற்றம். அப்படி நடக்க வாய்ப்பிருந்தது என்று நிரூபித்தாலே போதும். கெடுதல் செய்யும் எண்ணம் இருந்ததாக அரசுத் தரப்பு காட்ட வேண்டியதில்லை. அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விமானத்துக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். கார், பஸ், ரயில், படகு, சைக்கிள் எல்லாமே இதில் அடக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க சிக்னலில் நிற்கும் காரும்தான்.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் ஒளியைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். சுவரில் சிறு புள்ளியாகத் தெரியும் கதிர், தூரம் போகப் போக விரியும். சாதாரண லேசர் பேனாவின் கதிர் ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது சுமார் ஒரு மீட்டர் அகலமாகிவிடும். விமானியின் முன்கண்ணாடியில் உள்ள நுண்கீறல்களில் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுவதையும் பச்சையாக ஒளிர வைக்கும். அவர் தரையிறங்கும் நேரத்தில் ஓடுபாதை விளக்குகளே தெரியாமல் போகலாம். அதே திறனுள்ள சிவப்பைவிடப் பச்சை நம் கண்ணுக்குப் பல மடங்கு பிரகாசம். மலிவாக வாங்கும் லேசர்களில் லேபிளில் உள்ளதைவிடத் திறன் அதிகமாக இருப்பதும் சகஜம்.

போலீஸ் ஹெலிகாப்டர் மீது அடித்தால் மாட்டிக்கொள்வது இன்னும் சுலபம். அதிலுள்ள வெப்பக் கேமரா, அடித்தவர் எந்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, தற்காப்பே இல்லையா? இருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் சொல்லலாம். கடலில் தத்தளித்தவர் உதவிக்காக அடித்தது போன்ற காரணம். வாகனத்தை நோக்கி அடிக்கும் எண்ணம் இல்லை, அதைத் தவிர்க்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்றும் வாதிடலாம். எண்ணம் இல்லை என்ற பாதி மட்டும் நிற்காது. நண்பர்களுக்கு நட்சத்திரம் காட்டியவர், அந்தப் பக்கம் விமானம் வருகிறதா என்று பார்த்தாரா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயதிலிருந்தே குற்றப் பொறுப்பு தொடங்குகிறது. அதனால் 'சின்னப் பையன்தானே' என்று இருந்துவிடாதீர்கள். போலீஸ் கூப்பிட்டால் லேசரைத் தூக்கி எறியவோ ஃபோனில் உள்ள வீடியோவை அழிக்கவோ வேண்டாம், அது தனி வழக்காக வளரும். காவல் நிலையத்தில் வழக்கறிஞரின் ஆலோசனை இலவசம். 18 வயதுக்குக் குறைந்தவரை விசாரிக்கும்போது பெற்றோரோ பொறுப்பான வேறொரு பெரியவரோ உடனிருக்க வேண்டும். வழக்கறிஞர் வரும்வரை சம்பவத்தைப் பற்றி விளக்கம் எதுவும் கொடுக்காமல் பொறுத்திருங்கள்.