32 டிகிரி வெக்கையில் ஒயின் பகிர்வு விருந்து

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற வழக்கம் ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அந்த அறைகள் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருந்தன. கோலாலம்பூரில் மதியம் 32, 33 டிகிரி. குளிரூட்டி ஓடும் கொண்டோ வரவேற்பறைகூட 24-க்குக் கீழே இறங்குவது அரிது. நண்பர்கள் நல்ல போத்தல்களைக் கொண்டுவந்து பகிர்ந்து சுவைக்கும் விருந்து இங்கே சறுக்குவதற்கு முதல் காரணம் இந்த வெக்கை. இரண்டாவது காரணம், இலையில் இருக்கும் மிளகாய். சுடும் சூட்டையும் மிளகாயின் காரத்தையும் நாக்கு உணர்வது ஒரே ஏற்பியின் வழியாகத்தான். விருந்தை நடத்துபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

வாயிலுள்ள வலி நரம்புகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. சூடு ஏறக்குறைய 42 டிகிரியைத் தாண்டும்போது அது திறந்து, ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். மிளகாயின் கேப்சைசின் அதே புரதத்தில் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாதபோதும் அதைத் திறந்துவிடும். இங்கேதான் ஒயின் குறுக்கே வருகிறது. எத்தனால் இருக்கும்போது அந்தப் புரதம் திறக்கும் வரம்பு 42-லிருந்து சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. வாயின் உட்புறம் அதைவிடச் சூடானது. ஆகவே 14.5 சதவீத ஆல்கஹால் கொண்ட ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை இறால் சம்பலோடு குடித்தால் காரம் கூடும், ஆல்கஹாலும் எரியும், ஒயினின் பழ வாசனை எங்கோ காணாமல் போய்விடும். காரம் ஏற ஏற ஆல்கஹால் குறைய வேண்டும், ஒயின் குளிர வேண்டும், கொஞ்சம் இனிப்பும் வேண்டும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங் கபினெட் என்ற இலகுவான வெள்ளை ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். மிச்சமிருக்கும் திராட்சைச் சர்க்கரையும் நல்ல புளிப்பும் அதில் உண்டு. சம்பலுக்கு எதிரே தைரியமாக வைக்கக்கூடிய ஒயின் அது.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நாக்கில் ஒட்டியதை ஒயினால் கழுவ முடியாது. தயிர்ப் பச்சடியும் மோரும் அந்த வேலையைச் செய்யும். பாலிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கார உணவுக்குப் பிறகும் ஒரு வாய் தயிர், பிறகு வெறும் சோறு, சில நிமிட இடைவெளி. அடுத்த ஒயின் அதன் பிறகே வர வேண்டும்.

போத்தல் கணக்குக்கு வருவோம். எட்டுப் பேருக்கு ஆறு போத்தல் என்பது நல்ல அளவு. தம்பதிகள் சேர்ந்து ஒன்று கொண்டுவரலாம். ஒரு போத்தலில் 750 மி.லி. ஆளுக்கு 75 மி.லி. ஊற்றினால் 600 போய் 150 மிஞ்சும். அடியில் தங்கும் வண்டலுக்கும், உணவோடு மறுபடி ஒருமுறை சுவைத்துப் பார்க்கவும் அது தேவை. கண்ணளவில் ஊற்றினால் முதல் மூன்று பேருக்குத் தாராளமாகப் போய், எட்டாவது ஆளுக்கு வண்டல்தான் கிடைக்கும். எல்லாக் கண்ணாடிக் குவளைகளும் ஒரே வடிவத்தில் இருக்கட்டும். ஒன்றில் 75 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றி அந்த மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அதைப் பார்த்தே மற்றவற்றை ஊற்றலாம்.

ஆறு ஒயினிலும் 75 மி.லி. வீதம் ஒருவர் குடிப்பது 450 மி.லி. சராசரி ஆல்கஹால் 13.5 சதவீதம் என்றால் உடலில் சேர்வது சுமார் 48 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் மூன்றரை மணி நேரத்தில் இதைக் குடித்து எழும்போது, தோராயக் கணக்கில் 100 மி.லி. இரத்தத்தில் 50 மில்லிகிராம் வரை இருக்கும். மலேசியாவில் 2020-க்குப் பிறகு ஓட்டுநருக்கான சட்ட வரம்பே அந்த 50 தான். உடல் எடை குறைந்தவர்களுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அளவு அதற்கு மேலே போய்விடும். எனவே யாரும் காரோட்டி வரக் கூடாது என்பதை அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மேசையில் துப்புவதற்கு இரண்டு குவளைகளும் இருக்கட்டும். துப்புவது இந்த மேசையில் மரியாதைக் குறைவே இல்லை.

கிராப் வாடகைக் காரில் வந்தால் இன்னொரு நன்மை: போத்தல் வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் கிடக்காது. அங்கே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டக்கூடும். ஒயின் 20-லிருந்து 40 டிகிரிக்குச் சூடானாலே அதன் கன அளவு 4, 5 மி.லி. கூடும். தக்கைக்கும் ஒயினுக்கும் நடுவே இருக்கும் காலியிடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் ஏறி ஒயின் தக்கையின் ஓரமாகக் கசியும். குளிரும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். தக்கை மேலே துருத்திக்கொண்டிருந்தால், மூடித்தாளின் கீழே ஒட்டும் கறை இருந்தால், அந்தப் போத்தல் வெக்கையில் அவதிப்பட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஒயினில் புதுப் பழத்தின் மணம் போய், வேகவைத்த பழக்கூழின் மணம் வரும். பழைய சிவப்பு ஒயின்கள் விருந்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து நிமிர்ந்து நிற்பது நல்லது. வண்டல் அடியில் இறங்க அந்த நேரம் வேண்டும்.

குளிர்விப்பதில் பலர் ஐஸை மட்டும் வாளியில் கொட்டி அதில் போத்தலைச் செருகுகிறார்கள். கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பாதி ஐஸ், பாதி தண்ணீர், கழுத்து வரை மூழ்கும் ஆழம். 30 டிகிரியில் இருக்கும் போத்தல் 20, 25 நிமிடத்தில் 10 டிகிரிக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜில் அதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஐஸ் எவ்வளவு வேண்டும்? ஒயினிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் வெளியேற வேண்டிய வெப்பம் சுமார் 70 கிலோஜூல். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூலை விழுங்கும். கணக்குப்படி ஒரு போத்தலுக்கு 210 கிராம் போதும். ஆனால் வாளியையும் ஊற்றிய தண்ணீரையும் அறைக் காற்றையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டியிருப்பதால், போத்தலுக்கு ஒரு கிலோ என்று வாங்கினால் மாலை முழுக்கத் தாங்கும்.

நுரைக்கும் ஒயின் 7 டிகிரி, வெள்ளை 9 முதல் 12, பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பு 14, கனத்த சிவப்பு 16, 17. குளிரூட்டிய அறையில் வைத்த சிவப்பு ஒயினும் 24, 25-இல் தான் இருக்கும், அதனால் அதுவும் ஐஸ் தண்ணீரில் எட்டு, பத்து நிமிடம் உட்கார வேண்டும். இதைச் செய்யத் தயங்குபவர்கள்தான் நல்ல போர்டோ சிவப்பு ஒயினைப் பாழாக்குகிறார்கள். 25 டிகிரியில் ஆல்கஹால் ஆவி முதலில் மூக்கைத் தாக்கி மென்மையான மணங்களை மூடிவிடும். அதற்காக மிகவும் குளிர்வித்தாலும் தவறு: மண மூலக்கூறுகள் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும், துவர்ப்பு முரடாகும். 75 மி.லி. அறையில் வேகமாகச் சூடேறும் என்பதால், விரும்பும் அளவைவிட இரண்டு டிகிரி குளிராக ஊற்றுவதே சரி. சமையல் வெப்பமானி ஒன்று மேசையில் இருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

உணவு வரிசையை ஒயின்தான் தீர்மானிக்க வேண்டும். உளுந்து வடையோடு நுரைக்கும் ஒயின். எண்ணெய்ப் பிசுக்கை அதன் புளிப்பும் கரியமில வாயுவும் அறுத்துவிடும். அடுத்து ரீஸ்லிங்கும் சம்பலும். மீன் தலைக் கறிக்குச் சிவப்பைத் தொடவே வேண்டாம். சிவப்பு ஒயினில் இரும்புச் சத்து சற்று அதிகம். லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால், மீன் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சி வாடையுள்ள சேர்மங்களை அது உடனே உண்டாக்கும் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நல்ல மீன், நல்ல ஒயின், ஆனாலும் வாயில் கவிச்சி அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

மீன் கறியின் புளியும் கவனிக்க வேண்டியது. புளியம்பழத்தின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். திராட்சையின் முக்கிய அமிலமும் அதுவே. புளிக்குழம்போ ரசமோ நாக்கைப் பழக்கிவிட்ட பிறகு, புளிப்பு குறைந்த ஒயின் தண்ணீர்போலச் சப்பென்று இருக்கும். குழம்பைவிட ஒரு படி கூடுதல் புளிப்புள்ள வெள்ளை ஒயின் வேண்டும்: இனிப்பில்லாத ரீஸ்லிங், சாவிஞ்ஞோன் பிளாங், பிரான்சின் லுவார் பகுதியின் சேனின் பிளாங்.

மிளகு ஆட்டிறைச்சிப் பிரட்டலும் குளிர்நிலப் பகுதி ஷிராஸும் சேரும் இடம் எனக்கு இந்த விருந்தின் உச்சம். ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் அறிவித்தது. கருமிளகின் மணத்திலும் அதே மூலக்கூறு இருக்கிறது. லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது தெரிவதே இல்லை. எட்டுப் பேர் மேசையில் ஓரிருவர் ‘மிளகா? எங்கே?’ என்று கேட்டால் அது அவர்களின் குறை இல்லை, மூக்கின் மரபு. சிவப்பு ஒயினின் துவர்ப்புப் பொருளான டானினுக்கும் இங்கே வேலை உண்டு. அது உமிழ்நீர்ப் புரதங்களைத் திரியவைப்பதால்தான் வாய் துவர்க்கிறது. இறைச்சிப் புரதமும் உப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கின்றன. மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொல்லிச் சமைப்பவரிடம் முன்பே பேசிவிட வேண்டும்.

கடைசியில் இனிப்பு. ஒயின் இனிப்புப் பண்டத்தைவிட இனிப்பாக இல்லாவிட்டால் புளித்துத் தெரியும். பாயசத்துக்கும் கேசரிக்கும் ஈடுகொடுப்பது ஆஸ்திரேலியாவின் ரதர்கிளன் மஸ்கட் போன்றவைதான். அவற்றில் சர்க்கரை லிட்டருக்கு 200 கிராமையும் தாண்டும்.

மேசையில் சைவ உணவுக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சில ஒயின்களைத் தெளிவாக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையோ பயன்படுத்துகிறார்கள். வெளியே நடத்துவதானால், ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்துக்கு மது கொண்டுபோக முடியாது. மற்ற இடங்களில், நாம் கொண்டுபோகும் போத்தலுக்காக வாங்கும் கார்க்கேஜ் கட்டணம் போத்தலுக்கா ஆளுக்கா, குவளைகள் எத்தனை தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாப் போத்தலையும் விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து முகர வேண்டும். மிகப் பழைய ஒயின் மட்டும் விலக்கு, அதை ஊற்றும் நேரத்தில் திறந்தால் போதும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது டி.சி.ஏ. எனப்படும் தக்கைக் கெடுதல். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒயின் வீண். அந்த வாடை தெரியாத அளவிலும் அது மூக்கின் நரம்பணுக்களை அடக்கி மற்ற மணங்களை மங்கச் செய்கிறது என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காற்றாடவிட்டாலும் சரியாகாது. திருகு மூடியுள்ள மாற்றுப் போத்தல் ஒன்று குளிர்ந்து தயாராக இருக்கட்டும். அறையில் அன்று சாம்பிராணி, ஊதுபத்தி, தலையில் மல்லிகை, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். குவளைகளைச் சோப்பு வாடை போகக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மிஞ்சிய ஒயினைப் பாதிப் போத்தலில் விட்டால் மறுநாளே மங்கிவிடும். திருகு மூடியுள்ள சிறு போத்தல்களில் வாய் வரை நிரப்பி, சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் நன்றாகவே இருக்கும். அடுத்த முறை எடுக்கும்போது சிவப்பை மட்டும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.