மான்டி கார்லோ பனியில் மினி எப்படி ஜெயித்தது?

மான்டி கார்லோ ராலி என்பது பனி மூடிய மலைச்சாலைகளில் நடக்கும் கார் பந்தயம். 1964இல் அதில் முதலில் வந்த மினி கூப்பர் எஸ் என்ற குட்டி பிரிட்டிஷ் காரின் இன்ஜின் வெறும் 1071 சிசி. இரண்டாவதாக வந்த ஃபோர்டு ஃபால்கனில் எட்டு சிலிண்டர் கொண்ட 4.7 லிட்டர் வி8 இன்ஜின், அதாவது நாலு மடங்குக்கும் மேல். சின்ன இன்ஜினுக்கு நேரக் கணக்கில் சலுகை தரும் விதி அப்போது இருந்தது, மினியை ஓட்டிய பேடி ஹாப்கிர்க்கின் அந்த வெற்றியில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் விதியை மட்டும் காரணமாகச் சொன்னால் அந்தக் காருக்கு அநியாயம் செய்கிறோம். அடுத்த வருடமே, 237 கார்கள் கிளம்பி 35 மட்டும் போய்ச் சேர்ந்த அந்தப் பயங்கரப் பனிப்புயலில், டிமோ மேக்கினென் இன்னொரு மினியில் ஜெயித்தார்.

சரி, காரணம் என்ன?

மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் ராலியைப் பற்றி யோசிக்கவே இல்லை. சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு, அதனால் நாலு பேர் உட்காரும் சிக்கனமான கார் வேண்டும், அவ்வளவுதான். இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியிலேயே பொருத்தி இரண்டுக்கும் ஒரே ஆயில் போதும்படி செய்தார், 10 அங்குலச் சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளினார். 3.05 மீட்டரில் கார் முடிந்துவிட்டது. மொத்த எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்கள் மேல் விழுந்தது, காரை இழுப்பதும் அதே சக்கரங்கள்தான். பனியில் இது பெரிய வரம், ஏனென்றால் சக்கரத்தை எடை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பிடிமானம். முன்னால் இன்ஜின் இருந்து பின்சக்கரம் தள்ளும் கார்களில், தள்ள வேண்டிய சக்கரத்தின் மேல் போதிய எடை இருக்காது, அது பனியில் சும்மா சுழலும்.

ஆனால் முன்சக்கர இழுவையில் ஒரு சிக்கல் இருக்கிறது. டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி, இழுக்க எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு திருப்புவதற்குக் குறையும். வளைவில் வேகமாகப் போனால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே ஓடும். இதற்கு மேக்கினென், ரவுனோ ஆல்டோனென் போன்ற ஃபின்லாந்து ஓட்டுநர்கள் கையாண்ட வழி எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு. வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமலே இடது காலால் பிரேக்கை மிதிப்பார்கள். பிரேக் நாலு சக்கரத்தையும் பிடிக்கும், ஆனால் முன்சக்கரங்களை இன்ஜின் விடாமல் சுழற்றிக்கொண்டிருப்பதால் அவை நின்றுபோகாது, திரும்பும் திறனும் போகாது. பின்சக்கரங்களுக்கு அப்படி உதவ யாருமில்லை. எடை வேறு முன்பக்கம் சாய்ந்துவிட்டதால் அவை லேசாகி வழுக்க ஆரம்பிக்கும், பின்பக்கம் வெளியே வீசும், மூக்கு வளைவுக்குள் திரும்பும். அப்புறம் பிரேக்கை விட்டால் போதும், முன்சக்கரங்கள் காரை நேராக இழுத்துக்கொண்டு போய்விடும். இன்ஜின் வேகமும் நடுவில் விழுவதில்லை.

அகலமும் கைகொடுத்தது. மினி 1.41 மீட்டர்தான். குறுகலான மலைச்சாலையில் ஒல்லியான கார் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு வெட்டிப் போக அதிக இடம் கிடைக்கும், அதனால் அதே வளைவை அது கொஞ்சம் பெரிய வட்டமாக எடுக்கலாம். வட்டம் பெரிதானால் அதே பிடிமானத்தில் கூடுதல் வேகம்.

1966இல் முதல் மூன்று இடமும் மினிக்குத்தான், ஹெட்லைட் விதியைக் காட்டி மூன்றையும் நீக்கிவிட்டார்கள். 1967இல் ஆல்டோனென் ஓட்டிய மினி மறுபடி ஜெயித்தது.

இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத்தில் பழைய மினிகள் இன்றும் 7 லிட்டர் ஃபோர்டு கேலக்ஸிகளோடு மோதுகின்றன. அந்த வீடியோக்களைத் தேடிப் பாருங்கள், நேர்ப்பாதையில் கேலக்ஸி பறந்துவிடும், பிரேக் போடும் இடம் வந்ததும் மினி அதன் பம்பரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.