சுடாத மண்ணில் எழுந்த மலை

மார்கழி மாரியில் மகாவலி ஆறு பெருகும்போது திருகோணமலையின் கொட்டியாரக் குடா தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். மழை விட்டுச் சில நாள் போனால் கடல் திரும்பத் தெளியத் தொடங்கும். அவ்வளவு கலங்கலும் எங்கே போனது? ஆற்று நீரில் இருக்கும்வரை களித்துணிக்கைகள் தங்கள் மறை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். கடலுப்பு சேர்ந்ததும் அந்த விலக்கம் அடங்கிப்போகும். துணிக்கைகள் திரண்டு, கனத்து, அடியில் இறங்கும். நமது குடாவுக்குள்ளேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அதன் வழியே மகாவலிச் சேற்றில் ஒரு பங்கு வங்காள விரிகுடாவின் ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இப்படி அமைதியான நீரடியில் சேரும் சேற்றின்மேல் அடுக்கடுக்காகப் புதுச்சேறு படிகிறது. மேலே பாரம் ஏற ஏற நீர் பிழியப்பட்டு, தட்டையான களித்துணிக்கைகள் எல்லாம் கிடையாகப் படுத்துவிடுகின்றன. காலப்போக்கில் அது பாறையாகிறது. புத்தகத் தாள்போல ஏடு ஏடாகப் பிரியும் இந்தக் களிப்பாறையைத்தான் ஷேல் என்கிறார்கள். உலகின் படிவுப் பாறைகளில் பாதிக்கு மேல் சேற்றிலிருந்து வந்த இந்தக் குடும்பம்தான்.

இந்தப் பாறையைப் புரிந்துகொள்ளக் கிண்ணியாத் தயிர்ச்சட்டி போதும். சூளைக்குப் போகாத பச்சைச் சட்டியைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் குழைந்து சேறாகிவிடும். சுட்ட சட்டியை எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது களியாகத் திரும்பாது. சூளையில் 500, 600 பாகை வெப்பத்தில் களிக்கனிமத்தின் கட்டமைப்போடு பிணைந்திருந்த ஐதரொட்சைல் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூறு) நீராகப் பிரிந்து போய்விடுகிறது. பிறகு அது வேறு பொருள். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் ஆட்கள் சொல்வதில் உள்ள இரசாயனம் இதுதான். ஷேல் என்பது சூளை காணாத சட்டி. அழுத்தப்பட்டது, உலர்ந்தது, ஆனால் சுடப்படவில்லை.

திருகோணமலையின் பாறைகள் அதற்கு நேர்மாறு. கோணேசர் மலையின் குவாட்சைட்டு ஒரு காலத்தில் மணலாக இருந்தது. அதே பாறைத் தொகுதியில் கொண்டலைட்டு என்ற பாறையும் உண்டு. அது ஒரு காலத்தில் களிச்சேறு. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இரண்டும் வெந்துபோயின. அந்தப் பாறையிலிருந்து மறுபடி களி உண்டாக வேண்டுமானால் மழைநீர் அதன் கனிமங்களை நெடுங்காலம் அரித்து, புதிதாகக் களியைச் செய்ய வேண்டும். ஷேலுக்கு அந்த உழைப்பே தேவையில்லை. களி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நனைந்து, உலர்ந்து, குளிர்நாடுகளில் உறைந்து உருகி, கட்டு அவிழ்ந்தாலே மண். இலங்கையில் ஷேல் அரிது. புத்தளம் பக்கம் தப்போவை, ஆண்டிகம படிவுகளில் கொஞ்சம் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கில் அது மலைமலையாகக் கிடக்கிறது. 7 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கண்டத்தின் நடுவே ஒரு கடல் ஓடியது. அதன் சேறுதான் கொலராடோ, யூட்டா பக்கத்து மாங்கோஸ் ஷேல். தென் டக்கோட்டா முதல் கொலராடோ வரை பரந்த பியர் ஷேல். மலைச்சரிவுகளில் இன்று அது மாடும் செம்மறியும் மேயும் புல்தரை.

அந்தச் சரிவு மண்ணின் குணம் முழுவதும் நீரோடு அது நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. களித்துணிக்கை 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. மொன்மொரிலனைட்டு வகைக் களியில் ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் 700 சதுர மீற்றருக்கு மேல் வரும். கயோலினைட்டு என்ற இன்னொரு வகைக் களியில் அது 10, 20 மட்டுமே. மொன்மொரிலனைட்டின் தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விரிக்கும். கச்சான் காற்றில் காய்ந்த வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊதலும் சுருங்கலும் புதிதல்ல. எல்லா ஷேலும் ஒரே அளவில் ஊதாது என்பதையும் சொல்லவேண்டும். ஆழத்தில் புதைந்து 60 முதல் 120 பாகை வரை சூடேறியவற்றில் மொன்மொரிலனைட்டு பொற்றாசியத்தைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவாக ஊதாத இலைட்டு என்ற களியாக மாறிவிடும். சூளை அல்ல, இளஞ்சூடுதான். அதற்கே குணம் மாறுகிறது.

சரிவில் என்ன நடக்கிறது? முதல் மழை வெடிப்புகளுக்குள் விறுவிறுவென்று இறங்கும். களி ஊதி வெடிப்பு மூடியதும் கதவு சாத்தப்படுகிறது. அதன்பின் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர்தான் உள்ளே போகும். மிச்சமெல்லாம் மண்ணைச் சுரண்டிக்கொண்டு கீழே ஓடும். உள்ளே போன நீருக்கும் அடியில் சிதையாத ஷேல் தடையாக நிற்கிறது. அங்கே நீரழுத்தம் கூடும். பாறையின் ஏடுகளும் சரிவின் பக்கமே சாய்ந்திருந்தால் மேல்மண் முழுவதும் வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் உச்சியில் மண் மிக மெல்லியதாகவும் அடிவாரத்தில் தடித்தும் இருக்கிறது.

நீரைப் பிடித்துவைப்பதில் களி கெட்டிக்காரன். கொடுப்பதில் இல்லை. பயிர் வாடி விழும் நிலையிலும் களிமண்ணின் கனவளவில் கால்பங்கு அளவுக்கு நீர் இருக்கும்; வேருக்கு அதை இழுக்க வலுவில்லை. பார்வைக்கு ஈரமான சரிவில் புல் காய்ந்து நிற்பது இதனால்தான்.

மேய்ச்சலில் மிகப் பெரிய சேதம் வெயில்காலத்தில் வருவதில்லை. பனி உருகி மண் ஊறியிருக்கும் வாரங்களில் குளம்பு பட்டால் துளைகள் நசுங்கி, காயும்போது செங்கல்லாகிவிடும். நமது பட்டிக்காரர்கள் அரிவி வெட்டு முடிந்து வயல் காய்ந்த பிறகு மாடு விடும் வழக்கம் இந்த வகையிலும் நல்லது.

கடல்தரையாக இருந்ததால் ஷேல் உப்பையும் சுமந்து வருகிறது. சில இடங்களில், மிகுந்தால் நஞ்சாகும் செலனியம் என்ற தனிமத்தையும். பியர் ஷேல் மண்ணில் செலனியம் சேர்ந்த செடிகளைத் தின்ற மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வால்மயிர் உதிர்ந்து, குளம்பு கழன்றதன் காரணம் 1930களில்தான் கண்டறியப்பட்டது. உப்பு மழையில் கழுவப்பட்டு, களியோடு ஒட்டிய சோடியம் மட்டும் மிகுதியாக மிஞ்சினால் வேறு தொல்லை. களித்துணிக்கைகள் பிரிந்து மிதந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

இந்தக் கடைசிக் குணத்தைத் தம்பலகாமத்து வயற்கட்டி ஒன்றை வைத்தே பார்க்கலாம். காய்ந்த சிறு கட்டியை மழைநீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் மெல்லப் போட்டு, ஆட்டாமல் விட்டுவிடுங்கள். அப்படியே நின்றால் மண் உறுதியானது. பொடிந்து அடியில் குவிந்தால் அது நனைந்ததும் நொறுங்கும் வகை. கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் சோடியம் இருக்கலாம். மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து, சோடியம்தான் என்றால் ஜிப்சம் போடவேண்டும். அதிலுள்ள கல்சியம் சோடியத்தை வெளியேற்றி, கொட்டியாரக் குடாவில் கடலுப்பு செய்ததுபோலவே, களியைத் திரும்பத் திரளவைக்கும்.