சொப்பிங் பேக்கில் வந்த வீட்டு உறுதி

செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிகிற நேரம். களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து வழமையாக வரும் அப்பா ஒருவர், ஆறு வயது மகனைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தார். பிள்ளைக்குப் பெருமூளை வாதம்; மூளை பாதிக்கப்பட்டதால் உடம்பு சொன்னபடி அசையாது. எப்போதும் அவர் கையில் கிளினிக் கொப்பி மட்டும்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு சொப்பிங் பேக்கும் இருந்தது. அதற்குள் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று வட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியல், அதோடு மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டின் உறுதிப் பத்திரம்.

“ஸ்டெம் செல் போட்டால் நடப்பானாம் டொக்டர். உறுதியை வைத்தால் காசு சரிவரும். போகட்டா?”

முன்பென்றால் “எல்லாம் ஏமாத்து, போகாதீங்க” என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். நான் அப்படிச் சொல்லியும் ஒரு குடும்பம் வவுணதீவுப் பக்கம் இருந்த வயலை விற்றுவிட்டுப் போனது. திரும்பி வந்த பிறகு என் கிளினிக் பக்கமே வரவில்லை. கோபமோ, வெட்கமோ தெரியாது. அவர்கள் வராமல் போனதற்கு என்னுடைய அந்த ஒரு வரியும் காரணம் என்றுதான் நினைக்கிறேன். அதனால் இப்போது கதிரையைப் போட்டு இருத்திப் பேசுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோமே, அதில் இன்னும் எந்த வேலைக்கும் போகாத கலம்தான் ஸ்டெம் செல். எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையில் உள்ள ஸ்டெம் செல் இரத்தமாக மாறும். இதைக் கொண்டு செய்யும் வைத்தியம் உண்மையானது. மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு வழி திறந்த டொனல் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசே கிடைத்தது. மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் இரத்தம் ஏற்ற வரும் தலசீமியாப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்; அது பரம்பரையாக வரும் இரத்த நோய். பொருந்துகிற சகோதரம் ஒன்றின் மச்சை கிடைத்தால் அவர்களைக் குணப்படுத்தவே முடியும்.

பெருமூளை வாதத்தில் கதை வேறு. இடுப்பெலும்பில் எடுத்த கலங்களை முள்ளந்தண்டுக்குள் ஊசியால் ஏற்றிவிட்டால், அவை மூளைக்குப் போய், செத்த இடத்தில் நரம்பாகி, சரியான இணைப்பும் போட்டுக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. “போய் வந்த பிள்ளைக்குக் கழுத்து நின்றதே” என்பார்கள். நின்றிருக்கும். இப்படியான பொதிகளில் தினமும் மணிக்கணக்கில் பிசியோதெரபியும் சேர்ந்தே வரும். பிள்ளையும் வளர்கிறது. பெயர் மட்டும் ஊசிக்குப் போய்விடும்.

புளோரிடாவில் 2015இல் நடந்ததையும் சொன்னேன். பார்வை மங்கிய, வயது போன பெண்கள் மூன்று பேருக்கு, அவர்களுடைய சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஏற்றினார்கள். இருந்த பார்வையும் போயிற்று. ஆராய்ச்சி என்று நம்பி ஆளுக்கு 5000 டொலர் கட்டியிருந்தார்கள். ஒழுங்கான ஆராய்ச்சியில் பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஆகவே யாராவது ‘ஆராய்ச்சிச் சிகிச்சை’ என்று சொன்னால், முதலில் பில் யாருடைய பெயரில் வருகிறது என்று பாருங்கள்.

வெளியுலகில் ஸ்டெம் செல் அறம் என்றால் சண்டை கருவைப் பற்றித்தான். 1998இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தொம்சன் மனிதக் கருவிலிருந்து இந்தக் கலங்களைப் பிரித்தார். ஐந்தாறு நாள் கரு அதில் அழிந்துபோகும். கருத்தரித்த கணத்திலிருந்தே அது மனித உயிர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அதை எதிர்த்தது. 120ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்ற கருத்து இஸ்லாமிய அறிஞர்களிடையே பரவலாக இருக்கிறது. பிறகு ஜப்பானிய விஞ்ஞானி யமனகா 2006இல் எலியிலும் அடுத்த வருடம் மனிதரிலும், வளர்ந்த தோல் கலத்தையே நான்கு மரபணுக்களால் பின்னோக்கித் திருப்பி, கருவில் இருப்பது போன்ற ஸ்டெம் செல்லாக்கிக் காட்டினார். கருவைத் தொடாமல் ஒரு வழி கிடைத்தது. சரி, அந்தச் சண்டை பாதி தணிந்தது.

எங்கள் ஊரில் அந்த அறக் கேள்வி வேறு வடிவத்தில் வரும். கல்முனைப் பக்கத்து உம்மா ஒருவர், தலசீமியா உள்ள மகளோடு வந்தவர், ஒருநாள் கேட்டார்: “இன்னொரு பிள்ளை பெத்தா அதுட மச்சையை எடுக்கலாம்தானே டொக்டர்?” மூலையில் இருந்த உம்மம்மா குறுக்கிட்டார்: “மனே, அந்தப் பிள்ளைக்கிட்ட ஆரு கேக்கிற?”

எத்தனையோ மருத்துவ அறநெறி விரிவுரை கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

கணக்கு இதுதான். பெற்றோர் இருவருமே காவிகள், அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் காவுகிறவர்கள் என்றால், அடுத்த பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மச்சை பொருந்துவதற்கும் நாலில் ஒன்று. நோயும் இல்லாமல், பொருந்தவும் வேண்டுமென்றால் பதினாறில் மூன்றுதான். மச்சை எடுப்பது மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசியால்; கொடுத்த பிள்ளை சில கிழமையில் தேறிவிடும். ஆனால் பொருந்தாமல் பிறந்தால் அந்தப் பிள்ளையை எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள்? எப்படியும் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருந்தால் பெறுங்கள், மச்சைக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றேன். இது என் அபிப்பிராயம். மாற்றிச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. (மச்சானைக் கட்டுகிற ஊர் நம்முடையது. பொருத்தம் பார்க்கிற கையோடு இரண்டு பேரும் காவியா என்று ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் இந்தக் கேள்வியே பல வீடுகளுக்கு வராது.)

ஸ்டெம் செல்லில் நம்பிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், முதலாம் வகை நீரிழிவுள்ள 12 பேருக்கு ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் கலங்களை முழு அளவில் ஏற்றினார்கள். ஒரு வருடத்தில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. உடல் அதைத் தள்ளாமல் இருக்க வேறு மருந்து எடுக்கத்தான் வேண்டும். வயது போய் வருகிற நம்மவர் சீனி வருத்தம் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்கு இது இல்லை, இப்போதே கேட்டுவிடாதீர்கள்.

அந்த அப்பா உறுதியைத் திரும்பவும் பேக்கில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து, ஆரையம்பதித் தச்சர் ஒருவரிடம் சொல்லி, மகன் நிமிர்ந்து இருக்கிற மாதிரி ஒரு கதிரை செய்வித்திருந்தார். முன்னால் ஒரு தட்டுப் பலகை, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பட்டி. பிள்ளை இப்போது தானே பிஸ்கட் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறான், பாதி கீழே விழும். பிசியோதெரபிக்குத் தவறாமல் வருகிறார்கள்.

போகும்போது ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கேட்பார்: “புதுசா ஏதும் வந்திருக்கா டொக்டர்?”

“இன்னும் இல்லை” என்பேன். “சரி, அடுத்த கிளினிக்குக்கு வாறன்” என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வார்.