மலை எழும் நிலத்தில் பிளவுகளைத் தனித்தனியே எண்ணாதீர்கள்

நில அதிர்வு ஆபத்தை மதிப்பிடும் வேலையில் நான் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கள் இடத்துக்குப் பக்கத்தில் ஓடுவது எந்த வகைப் பிளவு?" பிளவு என்பது, நிலத்தடிப் பாறை உடைந்து இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடம். வரைபடத்தில் அதற்கு ஒரு சிவப்புக் கோடும் ஒரு பெயரும் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மலை உருவாகும் பகுதிகளில் அது போதவே போதாது.

புவித்தட்டுகள் பல இடங்களில் சாய்வாகத்தான் மோதுகின்றன. அப்போது உந்துப் பிளவுகள் ஒரு பாறைத்தொகுதியை இன்னொன்றின் மேல் ஏற்றி நிலத்தைத் தடிமனாக்கும். மீதி நகர்வைப் பக்கவாட்டுப் பிளவுகள் மலைத்தொடரின் நீளவாக்கில் கொண்டுபோகும். நிலம் மிக உயர்ந்ததும் அதன் எடையே அதை விரிக்கத் தொடங்கும். இமயமலை அடிவாரம் நெருக்கப்படும் அதே காலத்தில், திபெத் பீடபூமி கிழக்கு மேற்காக விரிந்து பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன.

பிளவுத் தளத்தை நேரில் பார்த்தால், பல வகை நகர்வுகள் சேரும் இந்தக் கூட்டு இன்னும் தெளிவாகும். பாறையோடு பாறை உரசி மெருகேறிய முகத்தில் கீறல்கள் தெரியும். சில இடங்களில் மேலிருந்து கீழாக ஓடும் கீறல்களைக் கிடைமட்டக் கீறல்கள் வெட்டிச் செல்லும், வெட்டுபவை பிந்தியவை. ஒரு காலத்தில் மேலும் கீழுமாக நகர்ந்த அதே தளம், பிறகு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அதற்கு ஒரே வகைப் பெயர் எழுதி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நியூசிலாந்தின் கைகோராவில் 2016 நவம்பரில் நேர்ந்த 7.8 அளவு அதிர்வில் பத்துக்கும் மேற்பட்ட பிளவுகள் ஒன்றையடுத்து ஒன்றாக உடைந்தன. சில இடங்களில் நிலம் பக்கவாட்டில் நகர்ந்தது. பாப்பட்டியா பிளவை ஒட்டிய பகுதி சுமார் 8 மீட்டர் வரை மேலெழுந்தது.

அலாஸ்காவில் 2002 நவம்பர் 3 அன்று நிகழ்ந்த 7.9 அளவு அதிர்வோ, அதுவரை யாரும் அறியாத ஓர் உந்துப் பிளவில், சுசிட்னா பனியாற்றுப் பகுதியில் தொடங்கியது. அங்கிருந்து டெனாலி பக்கவாட்டுப் பிளவுக்குத் தாவி, கடைசியில் டோட்சுண்டா பிளவுக்குள் திரும்பியது. உடைந்த நீளம் சுமார் 340 கி.மீ. டெனாலி பிளவைக் கடக்கும் எண்ணெய்க் குழாயின் அடியில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் விலகியது. ஆனால் ஒரு துளி எண்ணெய்கூடச் சிந்தவில்லை. 1970களில் அதைக் கட்டியவர்கள் புவியியலாளர்களின் ஆய்வைக் கேட்டு, அங்கே குழாயை மண்ணில் புதைக்காமல், சறுக்கி நகரும்படி நீளமான தாங்கிகளின் மேல் வைத்திருந்தார்கள்.

ஆகவே அணையோ சுரங்கப்பாதையோ திட்டமிடும்போது, பிளவின் பெயரோடு இவற்றையும் ஆய்வாளரிடம் கேளுங்கள்: அது எந்தெந்தப் பிளவுகளோடு சேர்கிறது? இடையில் எவ்வளவு தூரம்? எல்லாம் ஒரே அதிர்வில் உடைந்தால் அளவு எவ்வளவு வரும்? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.