தானாக இடப்பக்கம் திரும்பிய விமானம்

செஸ்னா 172 ரக விமானத்துக்கு ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு புரொப்பெல்லர். ஓடுபாதையில் முழு வேகம் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் வாலை ஒரு பக்கமாக இடிப்பது அதற்கு ஒரு காரணம். விமானி வலது கால் மிதியை அழுத்தி நேர் செய்வார். கணினியில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டரும் இதை விடாமல் கணக்கிடும். அதனால் என் விமானம் இடப்பக்கம் திரும்பியபோது, அடடா, எவ்வளவு துல்லியம் என்று இரண்டு வாரம் வியந்துகொண்டிருந்தேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கும்போதுதான் சந்தேகம் வந்தது. எஞ்சின் வேகத்தை முழுவதும் குறைத்து மிதந்து வரும்போதும் மூக்கு அதே பக்கம் போனது. நான் விமானத்தை ஓட்டுவது ஜாய்ஸ்டிக்கால்; கால் மிதிக்குப் பதில் அதன் கைப்பிடியை முறுக்கினால் வாலில் உள்ள சுக்கான் திரும்பும். விண்டோஸில் ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்கும் திரையைத் திறந்து பார்த்தேன். கையே வைக்கவில்லை, ஆனால் சுக்கானுக்கான கோடு நடுவில் நிற்காமல் நடுங்கியது. இன்னொரு விசித்திரம்: எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நகர்த்தினால் சுக்கான் கோடும் கூடவே கொஞ்சம் நகர்ந்தது.

பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு ஞாபகம் இருக்கிறதா? இரண்டும் ஒரே பழுது. ஏனென்றால் இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே பொருள்: பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக பாட். குதிரை லாட வடிவில் ஒரு கார்பன் பட்டை, அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஓர் உலோக நாக்கு. வெளியே மூன்று கால்கள். பட்டையின் ஒரு முனைக்கு 5 வோல்ட், மறு முனைக்குப் பூஜ்யம் கொடுத்தால், நடுக்கால் வழியாக நாக்கு நிற்கும் இடத்தின் மின்னழுத்தம் வெளியே வரும். சரியாக நடுவில் நின்றால் 2.5 வோல்ட். ஜாய்ஸ்டிக்குக்குள் இருக்கும் சிப் அதை எண்ணாக மாற்றுகிறது. 10 பிட் சிப் என்றால் 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டும். ஒரு படி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்.

ரேடியோவில் நாம் வழக்கமாகக் கேட்கும் அளவில்தான் கரகரப்பு அதிகம் இருக்கும். ஜாய்ஸ்டிக்கில் அந்த இடம் நடு. ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை நடுவுக்கே இழுத்துவந்து விடுவதால், நாக்கு அதே ஓரிரு மில்லிமீட்டரைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. கார்பன் தேய்ந்து தூளாகிறது. தூள் பழைய கிரீஸோடு சேர்ந்து பசையாகிறது. நாக்கு பட்டையைச் சரியாகத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது.

த்ராட்டில் மர்மத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. சுக்கான், த்ராட்டில் என்று ஒவ்வோர் அசைவும் ஓர் அச்சு. சிப் எல்லா அச்சுகளையும் ஒரே நேரத்தில் அளப்பதில்லை. உள்ளே மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் ஒரு குட்டி கெப்பாசிட்டரை ஒவ்வொரு பாட்டோடும் மாறி மாறி இணைத்து, அதில் ஏறும் மின்னழுத்தத்தைப் படிக்கிறது. தொடர்பு நன்றாக இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே புது அளவுக்கு மாறிவிடும். தொடர்பு மோசமானால் முழுவதும் மாறுவதற்குள் நேரம் முடிந்துவிடும். முன்பு படித்த அச்சின் மிச்சம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் சிப் சுக்கான் என்று நம்புகிறது.

மென்பொருளில் டெட் ஸோனை அகலமாக்கி நடுப்பகுதி அசைவை அலட்சியப்படுத்தச் சொல்லலாம். எனக்கு அது பிடிக்காது. தரையிறங்கும்போது செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள் எல்லாம் அந்த நடுப்பகுதிக்குள்தான் வருகின்றன.

யூஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்குரூக்களைக் கழற்றினேன். ஒன்று மட்டும் வரவில்லை. அது அடியில் ரப்பர் பாதத்துக்குள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பறந்து போன பிறகு அது எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

பாட்டைக் குறை சொல்லும் முன் வயரைப் பார்க்க வேண்டும். முறுக்குக் கைப்பிடிக்குள் போகும் மெல்லிய வயர்கள் ஒவ்வொரு திருப்பலிலும் மடங்கி மடங்கி, மேலுறை நன்றாக இருக்க உள்ளே அறுந்திருக்கும். என்னுடையதில் வயர் சரி. அடுத்து, பாட்டின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரை மின்தடைக்கு வைத்து, நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் தொட்டுக்கொண்டு மெதுவாகத் திருப்பினேன். இதற்கு முள் வைத்த பழைய மீட்டர்தான் வசதி. டிஜிட்டல் திரையில் எண்கள் ஓடுவதில் தவறவிடும் துள்ளலை முள் காட்டிக்கொடுத்துவிடும். நடுப்பகுதி வந்ததும் முள் துள்ளியது.

மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை பாட்டின் இடுக்கில் அடித்து, இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பி, நன்றாகக் காயவிட்டேன். துரு நீக்க அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது விட்டுப்போகும் பிசுக்கில் தூசி வந்து குடியேறும். சுத்தம் செய்ததில் நடுக்கம் நின்றது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. தேய்ந்த கார்பன் வளராதே!

அப்புறம் சென்னையில் மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய பாட்டின் மதிப்பு 10கே, அதாவது பத்தாயிரம் ஓம் மின்தடை. யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் அளப்பது மொத்த மின்தடையை அல்ல, நாக்கு பட்டையை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்பதை என்பதால் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஓடும். வகைதான் முக்கியம். ஒலிக்கான பாட் பெரும்பாலும் ஏ என்று முத்திரையிட்ட, திருப்பும் அளவுக்கு நேராக மாறாத லாக் வகை; நமக்குத் திருப்பும் அளவுக்கு நேராக மாறும் பி வகை வேண்டும். தண்டின் நீளமும் வெட்டும் பொருந்த வேண்டும். உண்மையில் அதற்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். சால்டரிங் செய்யும்போது ஓரக்கால்கள் இரண்டும் இடம் மாறினால் பரவாயில்லை, திசை மட்டும் தலைகீழாகும். நடுக்காலுக்கு 5 வோல்ட் போய்விட்டால், ஓரத்துக்குத் திருப்பும் கணம் மின்சாரம் தடையில்லாமல் பாய்ந்து புது பட்டையைக் கருக்கிவிடும்.

உரசலே இல்லாவிட்டால் தேய்மானமே கிடையாது. அதற்கு வழி 1879இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. மாணவராக இருந்த எட்வின் ஹால் மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் பாயவிட்டு அதைக் காந்தப் புலத்தில் வைத்தார். ஓடும் மின்னூட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட, தகட்டின் குறுக்கே சிறிய மின்னழுத்தம் தோன்றியது. இன்று அதே விளைவைக் குறைக்கடத்தியில், பெருக்கியோடு சேர்த்து, மிளகு அளவு சென்சாராக விற்கிறார்கள். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஜாய்ஸ்டிக்கின் முதன்மை அச்சுகளில் இருப்பது இதுதான். வீட்டிலும் மாற்றலாம்: இதற்கும் பாட்டைப் போலவே மூன்று கால்கள், காந்தம் இல்லாதபோது அதே 2.5 வோல்ட். தண்டில் ஒட்டிய காந்தம் சுழலும்போது மின்னழுத்தம் சைன் வளைவில் மாறும் என்றாலும், நடுவிலிருந்து 30 டிகிரி வரை அது நேர்கோட்டைவிட்டு 5 சதவீதம்கூட விலகாது. ஆனால் என் கைப்பிடிக்குள் காந்தத்துக்கு இடமில்லை, பக்கத்திலேயே இரும்பு ஸ்பிரிங் வேறு. புது பாட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மூடியபோது ஒரு ஸ்குரூ மிஞ்சியது. சோதனைத் திரையில் கோடு நடுவில் அசையாமல் நின்றது. செஸ்னாவை ஓடுபாதையில் நிறுத்தி முழு வேகம் கொடுத்தேன். மூக்கு இடப்பக்கம் இழுத்தது. கைப்பிடியை வலப்பக்கம் கொஞ்சம் முறுக்கினேன்.